பதினாலு குடுக்கிற வண்டி

கலைமணிக்குத் தன் உடம்பில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு இடம்தான் இருந்தது. வலது கால். தலைமுடி போன திசை தெரியாது. தொப்பை ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்து வருஷம் ஆகிறது. ஆனால் அந்த வலது காலை ஆக்சிலேட்டர் மேல் வைக்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைப்பான். என்னப்பா, கோயிலுக்குள்ள போறியா என்று கேட்டவர்களிடம், "டர்போ வண்டிய மிதிக்கக் கூடாதுங்க, தடவணும்" என்பான். யாரும் கேட்காவிட்டாலும் அடுத்த வரியையும் சேர்த்துவிடுவான்: "பதினாலு குடுக்குது."

பதினாலு என்றால் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர். பிக்கப் வாங்கும்போது ஷோரூம்காரர் காகிதத்தில் பதினேழு என்று காட்டினார். அந்தப் பதினேழு எந்த ஊரில் கிடைத்தது என்று அவருக்கே தெரியாது. காற்றும் லோடும் வேகத்தடையும் ரோட்டில் படுத்து அசைபோடும் எருமையும் இல்லாத ஊராக இருக்க வேண்டும். அரூரில் அதே பிக்கப் வைத்திருந்தவர்கள் பதினொன்று, பன்னிரண்டு என்றார்கள். கூச்சமில்லாதவர்கள் பதிமூன்று என்றார்கள். சித்தேரி மலைக்கு ஏறி, புளி மூட்டையோடு இறங்குகிற கலைமணிக்கு மட்டும் பதினாலு. அதுவும் வாய்ச்சவடால் இல்லை. டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து எடுத்த பதினாலு. பள்ளிக்கூடத்தில் கணக்கு அவனைப் பலமுறை கவிழ்த்திருக்கிறது. இந்த ஒரு வகுத்தல் மட்டும் பழகிய நாய் மாதிரி அவன் பின்னாலேயே வரும்.

சிக்கல் என்னவென்றால், வண்டி அவனுடையது மட்டும் இல்லை. பாதி காஜாவுடையது.

காஜா மெத்தைக்காரன். ஒரு வாரம் கடையில் உட்கார்ந்து மெத்தையும் தலையணையும் தைப்பான். மறு வாரம் அவற்றை ஏற்றிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி, கம்பைநல்லூர், ஊத்தங்கரை என்று சந்தை சந்தையாகப் போய் விற்பான். கலைமணி ஒரு வாரம் மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்குவான். மறு வாரம் அதைக் காயவைத்து, சுத்தம் செய்து, மண்டியில் போடுவான். ஒருத்தன் உட்காரும் வாரம் இன்னொருத்தனுக்கு ரோடு. ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சைத் தேய்த்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டி வாங்கியதுதான், இரண்டு பேரும் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒப்பந்தம் ஒரே வரி. டேங்க் நிறைய வாங்கு, டேங்க் நிறையக் கொடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டியைக் கொடுக்க வேண்டியவன் தீர்த்தமலை ரோட்டு பங்க்கில் டீசல் நிரப்பி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, பச்சியப்பன் டீக்கடையில் வைத்து சாவியை மற்றவன் கையில் கொடுப்பான். அவனவன் ஓட்டிய டீசலை அவனவன் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இதே ஒப்பந்தத்தில், இதே வண்டியில், காஜாவின் வாரத்துக்கு வந்த மைலேஜ் பத்தரை.

அதுதான் ஊருக்கே விளங்கவில்லை. மெத்தை என்ன கனம் கனத்துவிடும்?

"நான் மூட்டை மூட்டையா புளி ஏத்தி எறக்குறேன், பதினாலு. இவன் காத்தை உறை போட்டுத் தச்சி எடுத்துக்கிட்டுப் போறான், பத்தரை," என்று டீக்கடை பெஞ்சில் கலைமணி விளக்குவான். "காலா அது? உலக்கை."

"பஞ்சு லோடு உசரம்டா," என்பான் காஜா. "எதிர்காத்து புடிச்சி இழுக்குது."

"காத்து இழுக்குதாம். ஏன் பாய், ஒரு மெத்தைய வண்டிக்கு முன்னால கட்டி வையேன். காத்து அதுமேல படுத்துத் தூங்கட்டும்."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். காஜாவும் சிரிப்பான். கலைமணியின் கிண்டலுக்குச் சிரிப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவனுக்கு ஒரு வேலை. ஒருநாள் கலைமணி போகிறபோக்கில் அவனுக்கு 'டீசல் பாய்' என்று பேர் வைத்தான். பேர் வைப்பதில் அவனுக்கு ராசியான வாய். அவன் வைத்த பேர் ஆட்களோடு ரேஷன் கடை வரை போகும். பச்சியப்பன் அடுத்த வாரமே, "டீசல் பாய்க்கு ஒரு டீ, சக்கரை கம்மி, டீசல் தூக்கலா" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

மாசி மாதக் கடைசியில், புளி இறங்கும் மும்முரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காஜா வண்டியைக் கொண்டுவந்து டீக்கடை முன்னால் நிறுத்தினான். டேங்க் மூடிக்குக் கீழே வழக்கம்போல டீசல் வழிந்து, அதில் ரோட்டுப் புழுதி ஒட்டி, மை தீட்டியது மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"வண்டிய தொடைச்சிக் குடுக்கத் தெரியாதா பாய் உனக்கு?" என்று கலைமணியும் வழக்கம்போல ஆரம்பித்தான். "எவ்வளவு இந்த வாரம்?"

"பத்தே முக்கால்."

"முன்னேறிட்டியே. இப்படியே போனா நம்ம பேரன் காலத்துல பதினாலத் தொட்டுருவே."

பெஞ்சு சிரித்தது. காஜா சிரிக்கவில்லை. சாவியைக் கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் வைத்தான்.

"நாளைக்கு ஆற்காடு போறோம். தங்கச்சி வூட்டுக் கல்யாணம். வர ரெண்டு வாரம் ஆவும். அடுத்த வாரமும் நீயே ஓட்டிக்க."

"சரி."

"அதுக்கப்பறமும் நீயே ஓட்டிக்க, கலை."

கலைமணி டீ டம்ளரைக் கீழே வைத்தான். "என்னா பாய், கோவமா?"

"கோவம்லாம் ஒண்ணுமில்லடா. என் காலு சரியில்ல. டயர்ல காத்து ஏத்திப் பாத்தேன். லோடு உசரத்தைக் கொறைச்சிப் பாத்தேன். மெதுவா ஓட்டிப் பாத்தேன், மொபெட்ல போறவன் திரும்பி என்னை அனுதாபமா பாத்துட்டுப் போறான். என்னா பண்ணாலும் அதேதான். என் கையில இருந்தா வண்டி சீக்கிரம் போயிரும். உன் பாதியும் சேந்து போயிரும். சந்தைக்கு வாடகை வண்டி பேசிட்டேன். வந்ததும் எழுதி முடிச்சிக்கலாம்."

ரோட்டைப் பார்த்தபடியே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னான்: "கம்பைநல்லூர் சந்தையில ஒரு அம்மா வந்து கேக்குது, 'டீசல் பாய் கடை இதுதானுங்களா'ன்னு. கடை பூரா மெத்தை அடுக்கி வச்சிருக்கேன். தலையணை தொங்குது. டீசல் பாய் கடையாம்."

இந்த இடத்தில் மனுஷன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கலைமணிக்கும் அது தெரியும். ஆனால் அவன் வாய் அவனைக் கேட்டு வேலை செய்வதில்லை.

"பேசாம டீசல் ஏஜென்சியே எடுத்துரு பாய்," என்றது வாய்.

பெஞ்சில்கூட யாரும் சிரிக்கவில்லை. காஜா பாதிச் சிரிப்புச் சிரித்தான். மீதிப் பாதியை எங்கே வைத்தானோ தெரியவில்லை. எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தான். டீக்கு உண்டான காசைக்கூட பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்த வாரமும் பதினாலு வந்தது. கலைமணி அதை டீக்கடையில் வந்து சொன்னான். "அப்படியா" என்றான் பச்சியப்பன். அவ்வளவுதான் வரவேற்பு. பக்கத்தில் ஒரு பத்தரை உட்கார்ந்திருந்தால்தான் பதினாலுக்கு மதிப்பு என்பது கலைமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு பெருமைப்பட அவனுக்கு வராது.

அடுத்த வாரம் காஜா வாரம். காஜா இல்லாததால் கலைமணியே மறுபடி மலை ஏறினான். அதே ரோடு, அதே வளைவுகள், அதே புளி, அதே வெறுங்கால். எதிரில் வந்த மலை பஸ்ஸுக்கு வழக்கம்போல ஓரம் ஒதுங்கி நின்றான். இறங்கும்போது வழக்கம்போலத் தடவினான். ஞாயிற்றுக்கிழமை பங்க்கில் டீசல் போட்டு வகுத்தான்.

பன்னிரண்டு.

போனில் திரும்ப வகுத்தான். போனும் பன்னிரண்டு என்றது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முள்ளு குத்திருச்சா?" என்றாள் அவன் மனைவி பானுமதி.

"பன்னெண்டு."

"பன்னெண்டு முள்ளா?"

"மைலேஜ்டி."

பானுமதி அவன் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "வண்டிக்குத்தான வயித்தால போவுது. நீ எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிக்கிற?"

மறுநாள் காலையில் கலைமணி வண்டியின் மேல் பாய்ந்தான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். டர்போவுக்குப் போகிற குழாயில் எங்காவது காற்று கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். கசியவில்லை. பிறகு தேவையில்லாத கனத்தையெல்லாம் இறக்கிவிடலாம் என்று கேபினைக் காலி செய்தான். காய்ந்த எலுமிச்சைகள், இரண்டு தண்ணீர் பாட்டில், புளி மூட்டை தைக்கிற கோணி ஊசி, யாருடையதோ ஒரு குடை. எல்லாம் சேர்ந்து ஒரு கோழி எடை தேறவில்லை.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. எலி என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டான். பிறகு குச்சியால் தள்ளி எடுத்தான்.

ஒரு தலையணை. உள்ளங்கை அளவு. கெட்டியாகப் பஞ்சு அடைத்து, நாலு பக்கமும் நெருக்கத் தையல் போட்டு, இரண்டு மூலையில் கட்டுவதற்கு நாடா வைத்த குட்டித் தலையணை. தையல் காஜாவுடையது. அரூரில் வேறு யாருக்கும் அந்த நெருக்கம் வராது. பொம்மைக்குத் தைத்ததா என்று யோசித்தான். காஜா வீட்டில் பொம்மை வைத்து விளையாடுகிற வயசில் யாரும் இல்லை. திருப்பினான். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. மறு பக்கத்தில் வரிவரியாக அழுக்கு அச்சு.

ஆக்சிலேட்டர் பெடலில் வழுக்காமல் இருக்கப் போட்டிருக்கும் வரிகளைத் தினமும் வெறுங்காலால் மிதிக்கிறவன் கலைமணி. ஆனால் இது மேல் பக்கத்து வரி இல்லை. குனிந்து, தலையைத் தரையில் வைத்து, பெடலுக்கு அடியில் பார்த்தான். பெடல் முட்டுகிற இடத்தில், தரை விரிப்பின் வரிகள். தலையணையை அங்கே வைத்தான். அச்சுக்கு அச்சு பொருந்தியது. நாடாவைப் பெடல் தண்டில் கட்டினால் கச்சிதமாக நின்றது.

காலால் அழுத்திப் பார்த்தான். பாதிக்கு மேல் பெடல் போகவில்லை.

தன் காலைத் தானே நம்பாமல், தன் கையாலேயே ஒரு தலையணை தைத்து, அதைப் பெடலுக்கு அடியில் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான் காஜா. இதை வைத்துக்கொண்டு ஊத்தங்கரை மேட்டில் எப்படி ஏறினான்? பின்னால் வந்த பஸ்காரன் என்னென்ன திட்டியிருப்பான்? அத்தனைக்கும் கிடைத்தது ஒரு கால் கிலோமீட்டர். அதற்குத்தான் பேரன் காலம் என்று சொன்னான் கலைமணி.

வெகுநேரம் அவன் கேபின் தரையிலேயே குந்தியிருந்தான். சொல்வதற்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அது அவனுக்குப் பழக்கமில்லாத இடம்.

சாயங்காலம் பானுமதி தூக்குப்போசியோடு வந்தாள். ஆற்காட்டுப் பயணத்துக்கென்று காஜா வீட்டுக்கு அவள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தனுப்பிய போசி.

"காஜா அண்ணன் வூட்ல வந்துட்டாங்க. மதியம்தான் வந்தாங்களாம். மக்கன் பேடா குடுத்தாங்க. இந்தா, ஓரமா புடி, ஒழுவுது."

மூடிக்கு அடியிலிருந்து இனிப்பின் ஜீரா வழிந்து, போசியின் பக்கவாட்டில் பிசுபிசுவென்று ஒரு கோடு போட்டிருந்தது. தெருப் புழுதி அதில் ஒட்டிக் கறுத்திருந்தது.

"கொஞ்சம் கொறைச்சிப் போட்டா என்னவாம்," என்றான் கலைமணி.

"அந்த வூட்ல அதெல்லாம் நடக்காது. வாங்கின பாத்திரத்தைக் கொறையா திருப்ப மாட்டாங்க. மூடி போட எடம் இருந்தாலே அஸ்கரி அக்காவுக்குத் தூக்கம் வராது. காஜா அண்ணனும் அப்படித்தான். அக்கா அளவா போட்டு மூடுச்சி, அண்ணன் வந்து மூடியத் தொறந்து இன்னும் ரெண்டு அமுக்கிட்டுப் போவுது."

கலைமணி போசியைப் பார்த்தான். அந்தக் கோட்டைப் பார்த்தான். அதை வாங்கிய கையோடு வாசலில் நின்ற வண்டிக்கு ஓடினான். டேங்க் மூடிக்குக் கீழே குனிந்தான். நேற்று அவன் டீசல் போட்ட வண்டி. சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு வழியவில்லை. வழிகிற மாதிரி கலைமணி எப்போதும் ஊற்றுவதில்லை. பைப் தானாக டக்கென்று நின்றால் போதும் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குக் கிளம்புகிறவன் அவன். அதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று ஏதோ ஒரு வீடியோவில் வேறு பார்த்திருந்தான்.

காஜா கொடுக்கும்போது கழுத்து வரைக்கும், வழிய வழிய. இவன் கொடுக்கும்போது டக்கென்று நிற்கிற வரைக்கும்.

பழகிய நாய் மாதிரி பின்னால் வருகிற அந்த வகுத்தல், முதல்முறையாகத் திரும்பி அவனைக் கடித்தது. தன் வாரத்தில் அவன் ஓட்டியதெல்லாம் காஜா கழுத்து வரை நிரப்பிய டீசல். கடைசியில் அதே அளவுக்கு இவன் நிரப்புவதே இல்லை. குறையோடு விட்டுவிட்டு, குறைவாக ஊற்றினேன், பாருங்கள் என் காலை என்று பெஞ்சில் உட்கார்ந்தான். காஜா குறையோடு வாங்கிப் போவான். வாரக் கடைசியில் தான் ஓட்டியதையும் ஊற்றி, இவன் விட்ட குறையையும் ஊற்றி, வழியவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பான். இவன் கூட்டிக்கொண்ட ஒவ்வொரு கிலோமீட்டரும் அவன் கணக்கில் குறைந்தது. போன வாரம் காஜா நடுவில் இல்லை. இவன் விட்ட குறையை இவனே வாங்கினான். பன்னிரண்டு.

"எங்க ஓடுற? போசியக் குடுத்துட்டுப் போ," என்றாள் பானுமதி. அவன் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தான். வாசலிலேயே வண்டி நிற்கிறது என்பதுகூட ஞாபகம் வராமல், மக்கன் பேடாவோடு ஓடிக்கொண்டிருந்தான்.

காஜா கடையில் பாதி தைத்த மெத்தையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கலைமணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னான். டீசலில் ஆரம்பித்து ஜீராவில் முடித்தான்.

காஜா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டான். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லாருக்குது. பழசுக்கு இது பரவால்ல. ஆனா இன்னிக்கு சிரிக்கத் தெம்பில்லடா, பஸ்ல வந்தது ஒடம்பு வலி."

"டேய், ஜோக்கு இல்லடா."

"ஏஜென்சி எடுத்துருன்னியே, அதுவும் ஜோக்கு இல்லதான?"

முப்பது வருஷமாக ஒருத்தன் விளையாட்டாகவே பேசினால், நிஜம் சொல்ல வேண்டிய நாளில் அதை வாங்க ஆள் இருக்காது. கலைமணி போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஜீரா முழங்கை வரை இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து காஜாவின் மனைவி அஸ்கரி பேகம்தான் வந்தாள். கலைமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணன் வெறுங்கால்ல ஓடியாந்திருக்கிறாரு பாருங்க. தமாசு பண்ண வர்றவரு செருப்பு போட்டுக்கிட்டு மெதுவாத்தான வருவாரு? போயி என்னான்னு பாத்துட்டு வாங்க."

போசியை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். துடைத்து, குறைந்ததைத் திரும்ப நிரப்பத்தான் என்று கலைமணிக்கு இப்போது தெரியும்.

இரண்டு பேரும் கலைமணி வீட்டு வாசலில் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனார்கள். அங்கே டீசல் போடுகிற மணிமேகலை பைப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "நேத்துதானே அண்ணே ஃபுல் பண்ணீங்க?"

"பண்ணேம்மா. வூட்டுக்குப் போயி நிறுத்தினேன், இப்ப இங்க வந்திருக்கு. அவ்வளவுதான் ஓடுனது. மறுபடி ஊத்து."

ஊற்றினாள். கொஞ்சம் போனதும் பைப் டக்கென்று நின்றது. "அவ்வளவுதான் அண்ணே."

"பாத்தியா," என்றான் கலைமணி காஜாவிடம். "இந்த எடத்துல நான் டீ குடிக்கப் போயிருவேன். இப்ப நீ ஊத்து, நீ எப்பவும் ஊத்துற மாதிரி."

காஜாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டேங்க் வாயில் பொங்கி நின்ற நுரை அடங்கும்வரை இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தான். பிறகு வண்டியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து, தொட்டில் ஆட்டுவது மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டினான். "இப்ப மெதுவா விடும்மா." ஊற்றினாள். நுரை வந்தது. காத்திருந்தான். ஆட்டினான். "இன்னும் கொஞ்சம்."

மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. காஜா ஆட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான். இரண்டு வருஷமாக அந்த நேரத்தில் அவன் பார்வை டேங்க் வாயில்தான் இருந்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு மொத்த எண்ணைப் பார்ப்பதோடு சரி. நிறைந்திருக்கிறது என்று சொல்லப்பட்ட டேங்க், ஒரு லிட்டர் குடித்தது. இரண்டு குடித்தது. நாலைத் தாண்டி, வழிந்து, மூடிக்குக் கீழே கோடு போட்டது.

மணிமேகலை பைப்பை மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள். இரண்டு பேரும் வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப என் காலு?" என்றான் காஜா.

"உன் காலும் பன்னெண்டு, என் காலும் பன்னெண்டு. ரெண்டும் ஒரே காலு. இவ்வளவு நாளா நான் பறந்தது உன் டீசல்லடா."

பையிலிருந்து குட்டித் தலையணையை எடுத்து நீட்டினான். காஜா அதைப் பார்த்ததும் முகம் சிவந்து, சட்டென்று பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். அது உள்ளே போகவில்லை. பாதி வெளியே நின்றது.

"இதப் பத்தி எவன்கிட்டயாவது வாயத் தொறந்தே," என்றான்.

"தொறக்க மாட்டேன்."

"டீக்கடையில?"

"டீக்கடையில என்னைப் பத்தித்தான் பேச்சு. பச்சியப்பன்கிட்ட நானே சொல்லிடறேன். 'ஓசி டீசல்'னு பேரும் வச்சிட்டேன். நல்லா நிக்கும், பாரு."

காஜா சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். காஜா எதையோ வகுத்துக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல அவன் முகம் விழுந்தது.

"அப்ப நம்ம வண்டி பதினாலு குடுக்காதா?"

"குடுக்காதுடா. எல்லார் வண்டியும் மாதிரிதான்."

"நான் கல்யாண வூடு பூரா சொல்லிட்டு வந்துட்டேன்டா," என்றான் காஜா. "அங்க மாப்ள வூட்ல நாலு பேரு பிக்கப் வச்சிருக்கானுங்க. பதினொண்ணு, பன்னெண்டுன்னு அலட்டிக்கிறானுங்க. எங்க கலை ஓட்டுனா பதினாலு குடுக்கும், புளி லோடோட, மலையிலன்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பல. சண்டையே வந்துருச்சி. அல்லா மேல சத்தியமா பதினாலுன்னு சொல்லப் போயி, அஸ்கரிதான் கையப் புடிச்சி இழுத்துச்சி."

கலைமணி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான்.

காஜா டேங்க் மூடியைத் திருகி மூடினான். வழிந்ததைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் மூடியின் மேலேயே கையை வைத்திருந்தான்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றான். "நீ பழையபடி டக்குனு நின்னதும் நிறுத்திக்க. நான் பழையபடி வாய் வரைக்கும் ஊத்திக்கிறேன்."

"எதுக்குடா?"

"ஒரு வாரமாவது நம்ம வண்டி பதினாலு குடுக்கட்டுமே."

பங்க் வெளிச்சத்தில் கலைமணி தலையைத் திருப்பிக்கொண்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தான். டயரில் காற்று இருந்தது.

"ஏறு," என்றான். "வாடகை வண்டிக்காரனுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லு. இந்த வாரம் நீ ஓட்டு, நான் ரெண்டு வாரம் ஓட்டிட்டேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவி கலைமணி கைக்கு வந்தது. அவன் ஒரு வாரம் மலை ஏறி இறங்கினான். திருப்பிக் கொடுக்கும் ஞாயிறு வந்ததும் பங்க்கில் டீ குடிக்கப் போகவில்லை. தோளைக் கொடுத்து ஆட்டினான். தொப்பையையும் கொடுத்து ஆட்டினான். நுரை அடங்கக் காத்திருந்தான். "போதும் அண்ணே, தரையில ஊத்துது" என்று மணிமேகலை பைப்பைப் பிடுங்கிக்கொள்ளும்வரை ஊற்றச் சொன்னான். பன்னிரண்டுக்கும் கொஞ்சம் கீழே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது, "ஓசி டீசலுக்கு ஒரு டீ" என்று பச்சியப்பன் கத்தினான். பேர் நன்றாகவே நின்றிருந்தது.

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது.

"டேய், டேங்க் மூடிக்குக் கீழ வழிஞ்சி கெடக்குது," என்றான் காஜா. குரலில் இரண்டு வருஷத்துப் பாக்கி இருந்தது. "வண்டிய தொடைச்சிக் குடுக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது பாய்."

"கத்துக்க."

என்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் போனில் கேட்டது. பின்னால் அஸ்கரி பேகம் ஏதோ சொன்னாள், மெத்தைக் கட்டு சாய்கிறது என்றோ என்னவோ.

"பாய்," என்றான் கலைமணி. "செருப்பைக் கழட்டிட்டியா?"

போனில் செருப்பு தட்டென்று விழுகிற சத்தம் கேட்டது.

"கழட்டிட்டேன்டா."

"ம். மிதிக்காத. தடவு."

"போனை வைடா, ஓசி டீசல்," என்றான் காஜா. ஆனால் அவனும் உடனே வைக்கவில்லை. கம்பைநல்லூர் ரோட்டுத் திருப்பத்தில் அவன் கியர் மாற்றுகிற சத்தம் வரைக்கும் கலைமணிக்குக் கேட்டது.